க்ரூம் தேடிய சத்தம்

என் வீட்டுக் கூரைதான் க்ரூம் தாபாகோவின் வீட்டுத் தரை. முப்பத்தோரு வருடம் அவர் என் தலைக்கு மேல் நடந்திருக்கிறார், நான் அவர் காலுக்குக் கீழே சமைத்திருக்கிறேன். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் யோக்கியமாக எழுதுவேனா என்பது வேறு விஷயம். முயற்சி செய்கிறேன்.

க்ரூம் பல்கேரியாவில் எங்கள் ஊரான ரூசேயின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இருபத்தொன்பது வருடம் தன்யூப் ஆற்றுப் படகுகளிலிருந்து நிலக்கரியும் இரும்பும் தூக்கி இறக்கினார். கிரேன் அறையில் எஞ்சின் அவருக்கு இடது பக்கம். ஓய்வு பெற்றபோது ஒரு பதக்கம் கொடுத்தார்கள், இடது காதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காது போனால் பாதிச் சத்தம் போய்விடும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். அதுகூடப் பரவாயில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போய்விடும். தெருவில் யாராவது "க்ரூம் அண்ணே" என்று கூப்பிட்டால் அவர் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். எங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைப் பார்ப்பதற்காகவே கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

அவர் மனைவி ஸ்லாவ்கா சீருடை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். கிரேன்காரருக்குச் சத்தமே பிடிக்காது. ஸ்லாவ்காவுக்குப் பாட்டில்லாமல் அடுப்பு பற்றாது. இருவரும் முப்பத்தெட்டு வருடம் ஒத்துப்போனது ஒரே ஒரு ஏற்பாட்டால்தான். மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு இசைத்தட்டு, அதில் ஒரே ஒரு பக்கம். இரண்டு பெண்கள் சேர்ந்து பாடும் மெதுவான பாட்டு. அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கான்கிரீட் வழியாக ராகம் இறங்கும், வார்த்தை இறங்காது.

க்ரூம் கூடத்தில் ரெக்கார்டு பிளேயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். ஸ்லாவ்கா சமையலறையில் இருப்பாள். அவள் அங்கிருந்து "ஏத்து" என்பாள், அவர் குமிழைத் திருகுவார். "இன்னும்" என்பாள். பிறகு "போதும்" என்பாள். இந்த மூன்று வார்த்தையும் சமையலறைக் காற்றுத் துளை வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஐந்து மாடிக்கும் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரே குழிதான். யார் வீட்டில் மீன் பொரிந்தாலும் எல்லோருக்கும் வாசனை வரும்.

"போதும்" என்ற பிறகு ஸ்லாவ்கா பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பாள். அந்தக் காலத்தில் அதுவும் எனக்குக் கேட்கும்.

என் கணவர் மெதோதி ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்த்தார். காலையில் வந்து வீட்டு வேலை ஏதாவது செய்துவிட்டு மதியத்துக்குப் பிறகு படுத்தால் ஏழு மணிவரை தூங்குவார். ஆறு மணிக்கு மேலே பாட்டு. நான் கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயில் தட்டுவேன். அது தரையைத் துளைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போகிற குழாய். தட்டினால் மேலே சத்தம் குறையும், ஒரு வாரத்தில் மறுபடி ஏறும். இப்படியே பல வருடம். ஒரு நாள் பொறுமை போய், மூன்றாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் கையெழுத்து வாங்கி, கட்டிட நிர்வாகியிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதர் அதைப் படித்து நாலு பேரிடம் பேசியிருக்கலாம். வாசல் கதவில் ஒட்டிவிட்டார். இறந்தவர்களின் படம் போட்டு அறிவிப்பு ஒட்டுவோமே, அதே இடத்தில், அவற்றுக்கு நடுவில்.

ஸ்லாவ்கா அன்று மாலை என் கதவைத் தட்டினாள். கையில் அந்தக் காகிதம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா வியாரா? நாம அன்னியமா?"

நான் டிராலிபஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். தப்பு என் பக்கம் இருந்தால் வாய் இன்னும் நீளும்.

"பத்து வருஷமா குழாயில சொல்லிட்டுத்தான இருக்கேன். உங்க வீட்டுல எல்லாருக்குமே காது செவிடா?" என்றேன்.

அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் க்ரூம் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. நல்ல காது எந்தப் பக்கம் இருந்ததோ, அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் திரும்பி ஏறிப் போனார். ஸ்லாவ்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டாவது வருடம் மெதோதி இறந்தார். ஸ்லாவ்கா வந்தாள், இறந்தவர்களுக்கு வைப்பதுபோல் இரட்டை எண்ணில் நான்கு கார்னேஷன் பூ வைத்தாள், என் கையைத் தொட்டாள், போய்விட்டாள். அப்புறம் எங்கள் வீட்டில் பகலில் தூங்க ஆளில்லை. படி ஏறிப் போய், "ஸ்லாவ்கா, இனி எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினாறு படிதான். நான் ஏறவில்லை. வெட்கம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது அதைக் கௌரவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபரில் ஸ்லாவ்கா இறந்தாள். சந்தையிலிருந்து வந்தவள் மூன்றாம் மாடியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. வாசல் கதவில் அவள் படம் ஒட்டினார்கள். உதட்டை மூடிக்கொண்டு லேசாகச் சிரிக்கிற படம். வெளியே போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். நான் சாவியைத் தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

துக்க வீட்டில் நாற்பது நாள் பாட்டு, வானொலி எதுவும் கிடையாது. க்ரூம் நாற்பது நாளும் தாடி எடுக்கவில்லை, சட்டையில் கறுப்பு ரிப்பன் குத்தியிருந்தார், மேலே தரை மட்டும் கிறீச்சிட்டது. நாற்பத்தோராம் நாள் மாலை ஆறு மணிக்கு ஏதோ கேட்டது. முதலில் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்தேன். அவ்வளவு மெலிசு. அக்கம்பக்கத்தில் 'அதுக்குள்ள பாட்டா' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வைத்திருக்கிறார். மறுநாள் கொஞ்சம் கூடியது. அதற்கு மறுநாள் இன்னும். ஒரு நாள் என் தட்டு அலமாரியே அதிர்ந்தது. கை தானாகக் கரண்டியை எடுத்தது, குழாயில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான், தட்டியது யார் வீட்டுக்கு என்று உறைத்தது. என் கை எனக்கே பிடிக்கவில்லை.

க்ரூம் இறங்கி வந்தார். நாற்பது நாள் தாடியை இன்னும் எடுக்கவில்லை. சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை.

"வியாரா, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கோ. தட்டாத."

"பழக்க தோஷம் அண்ணே. மன்னிச்சுக்கோங்க. இனிமே தட்ட மாட்டேன்."

"எவ்வளவு வெக்கிறதுன்னு தெரியல." அவர் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முப்பத்தெட்டு வருஷம் அவ சொன்னா, நான் திருகினேன். குமிழ் எந்த நம்பர்ல வந்து நிக்குதுன்னு ஒரு நாளும் நான் பாத்ததில்ல. மூணுல வெச்சா ஆஸ்பத்திரில இருக்கற மாதிரி இருக்கு. ஏழுல வெச்சா யாரோட கல்யாணத்துக்கோ போன மாதிரி இருக்கு. ரெண்டுமே எங்க வீடு இல்ல. எங்க வீட்டுச் சத்தம் நடுவுல எங்கயோ இருக்கு."

"தேடுங்கண்ணே. எத்தன நாளானாலும் தேடுங்க."

"சிரிக்காத."

"நான் சிரிக்கல."

நிஜமாகவே சிரிக்கவில்லை. கதவை மூடிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றேன்.

மூன்று வாரம் கழித்து மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். தாடி எடுத்திருந்தார். கையில் ரொட்டியும் ஒரு கட்டு வெங்காயத்தாளும். முகம் தெளிந்திருந்தது.

"கெடச்சுடுச்சு வியாரா."

"எது?"

"அளவு. நாலுக்கு ஒரு முடி மேல." சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அங்க வெச்சா அவ முணுமுணுக்குறா."

"எங்க அண்ணே?"

"வீட்டுலதான். வீட்டுல எந்தப் பக்கம்னு என்னைக் கேக்காத, எனக்கு இருக்கறது ஒரு காது." அவரே சிரித்தார். "கம்மியா வெச்சா வர மாட்டேங்குறா. ஏத்தினா அமுங்கிப் போயிடுறா. அந்த ஒரு எடத்துல மட்டும் வரா. பாட்டு முடியற வரைக்கும் இருக்கா."

வெங்காயத்தாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறிப் போனார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். தேவாலயத்துக்கு ஈஸ்டருக்கு மட்டும் போகிறவள் நான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஆறு மணி என்றாலே பயம். மேலே பாட்டுத் தொடங்கும். மேலே அவள் இருக்கிறாள் என்ற எண்ணமும் கூடவே தொடங்கும். நான் சமையலறையில் எல்லா விளக்கையும் போட்டுக்கொள்வேன். உருளைக்கிழங்கு உரிப்பேன், தேவையில்லாத பாத்திரத்தையும் எடுத்துத் தேய்ப்பேன், நிமிர்ந்து கூரையைப் பார்க்க மாட்டேன். அவள் என் மேல் கோபமாக இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றும். செத்தவளிடம் கேட்க வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.

ஏப்ரலில் ஆறாம் மாத நினைவு நாள். பழைய படத்துக்கு மேல் புதுப் படம் ஒட்டினார்கள், அதே மூடிய உதடு. க்ரூமின் மகள் ஸ்னேஜானா கடற்கரை ஊரான வார்னாவிலிருந்து வந்தாள். சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையைக் காகிதக் கோப்பையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கொடுத்தாள். என் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, அப்பாவுக்கு இதயம் பலவீனமா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அஞ்சு மாடி, லிஃப்டும் இல்ல. அம்மா மாதிரி இவரும் படியிலயே..." முடிக்கவில்லை. "கூட வாப்பான்னு கூப்பிட்டா, அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றதுங்குறாரு. பாட்டுல அம்மா முணுமுணுக்குறாங்களாம்."

"என்கிட்டயும் சொன்னாரு."

"நீங்க ஒரு நாள் மேல வந்து அவரோட உக்காந்து கேளுங்க. எதுவும் கேக்கலையே அண்ணேன்னு சொல்லுங்க. நான் சொன்னா, உனக்குப் பொறுமை இல்லங்குறாரு. நீங்க சொன்னா நம்புவாரு. நீங்க மூஞ்சிக்கு நேரா பேசறவங்க."

இப்படி ஒரு பெயர் எனக்கு இருக்கிறது. பதினோரு வருடம் பதினாறு படி ஏறாதவளுக்கு.

மறுநாள் ஆறு மணிக்கு ஏறினேன். கூடத்தில் மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் சமையலறைக் கதவு திறந்திருந்தது. ஸ்லாவ்காவின் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. க்ரூம் இசைத்தட்டில் முள்ளை வைத்தார், குமிழை விரலால் தொட்டுத் தொட்டு நகர்த்தினார், நிறுத்தினார். முதல் தடவையாக அந்தப் பாட்டின் வார்த்தைகளைக் கேட்டேன். ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கும் தங்கையை இந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிறாள் ஒருத்தி. அவ்வளவுதான் பாட்டு.

வேறு எதுவும் கேட்கவில்லை. பாட்டு முடிந்தது. முள் தேய்கிற சத்தம். க்ரூம் மறுபடி வைத்தார். மறுபடியும் ஒன்றுமில்லை.

ஸ்னேஜானா என்னைப் பார்த்தாள், சொல்லுங்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன் க்ரூமே பேசினார்.

"ஆள் இருந்தா வர மாட்டா போல." பிறகு என்னைப் பார்த்து, குத்தலே இல்லாமல், "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லையே வியாரா. அதான்" என்றார்.

இறங்கி வந்துவிட்டேன். அவர் சொன்னதை நான் முழுதாக நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கிற வீட்டுக்குள் அவள் வர மாட்டாள்.

அதற்கு அடுத்த நாள். ஆறு மணி. எரிகாஞ்சொறிக் கீரை வாங்கி வந்திருந்தேன், கையுறை போட்டுக்கொண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே பாட்டு. மனதில் நேற்றைய விஷயமே ஓடிக்கொண்டிருந்தது. முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஸ்னேஜானா நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நானும் கேட்டேன் அத்தை. மேல. அம்மா. பயந்து எழுந்து ஓடி வந்தேன். படி எறங்க எறங்க..." அவள் என்னையே பார்த்தாள். "எறங்க எறங்க அது கொறையல. கூடுச்சு."

"எது கூடுச்சு?"

"நீங்கதான் அத்தை."

"நான் என்ன?"

"வாய மூடிக்கிட்டு இப்போ நீங்க பாடிட்டு இருந்தீங்க. நான் கதவத் தொறக்கற வரைக்கும்."

நான் இல்லை என்று சொல்ல வந்தேன். தொண்டையில் ராகத்தின் மிச்சம் இருந்தது, உதட்டில் அதன் அதிர்வு இருந்தது. என் உடம்புக்குள்ளேயே வேறு யாரோ குடியிருந்து இப்போது பிடிபட்டது போலிருந்தது. ஸ்னேஜானா நிமிர்ந்து காற்றுத் துளையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேலே பாட்டு மெதுவாகவே வைத்திருந்தார். எனக்குக் கேட்கிற அளவுக்கு, என்னை அமுக்காத அளவுக்கு.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"சத்தியமா இல்லம்மா. எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் நம்பினாள். என் முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்ல வேணாம். தாங்க மாட்டாரு. நிறுத்திடுங்க, அது போதும். கேக்கலைன்னா அவரே கெளம்பிடுவாரு."

ஒத்துக்கொண்டேன். இனி ஆறு மணிக்கு வீட்டில் இருந்தால் என் வாயை நம்ப முடியாது என்று தெரிந்ததால், வாசலுக்கு இறங்கி, லிண்டன் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஐந்தாம் மாடி ஜன்னலில் பாட்டு வந்தது, கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் ஓடியது. மூன்றாம் நாள் ஏறிக்கொண்டே போனது. குமிழ் ஏழில் இருக்கும், எட்டில் இருக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க் கட்டிடத்தில் பால்கனிக்கு வந்து பார்த்தார்கள். எங்கள் கட்டிடத்தில் ஒருவரும் குழாயில் தட்டவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த இரண்டாம் மாடிக்காரி, "பாவம், மூளை கொழம்பிடுச்சு" என்றாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த உயரத்திலிருந்து ஒரு மனிதர் தன் மனைவியைத் தேடுகிறார், தேடப்படுகிறவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

திடீரென்று நின்றது. அதற்குப் பிறகு மேலே பாட்டே இல்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்னேஜானா வந்து சொன்னாள். "வர்றேன்னுட்டாரு. மூட்டை கட்டிட்டு இருக்காரு." சந்தோஷப்பட வேண்டியவள் சந்தோஷப்படவில்லை. "அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாம். அவரு அளவு தெரியாம திருகித் திருகி விரட்டிட்டாராம். உயிரோட இருந்தப்பவும் நான் அவ சொன்னத சரியா கேட்டதில்லன்னு சொல்லிட்டே இருக்காரு. சோறு எறங்கல."

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அவர் வார்னாவுக்குப் போகட்டும், கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். ஆனால் மனைவியை விரட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஸ்னேஜானா தடுத்தாள். நான் படி ஏறினேன்.

க்ரூம் தாளில் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, அவ எங்கயும் போகல. அது நான். கீழ சமைக்கும்போது உங்க பாட்டு கேட்டா என் வாய் தானா முணுமுணுக்குது. எனக்கே தெரியாது. காத்துத் துளை வழியா மேல வந்திருக்கு. நீங்க எதையும் விரட்டல."

அவர் கையிலிருந்த தட்டை மெதுவாக மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா."

"நான்தான்."

"நாப்பது நாளுக்கு அப்புறமா?"

"இல்லண்ணே. ரொம்ப வருஷமா இருக்கும். மெதோதி போன பிறகு வீட்டுல சத்தமே இல்ல. ஆறு மணிக்கு உங்க பாட்டு வருமான்னு உக்காந்திருப்பேன். அப்பத்துலேருந்து பழகியிருக்கும்."

அவர் என் பக்கம் நல்ல காதைத் திருப்பினார்.

"அப்போ அவ இருக்கும்போதும் நீ பாடியிருக்க."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஆவியை மட்டும்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துப் படி ஏறினேன். அவர் இப்போது நினைவில் பின்னால் போய்க்கொண்டிருந்தார், ஒவ்வொரு வருடமாக, ஒவ்வொரு மாலையாக. கூடத்தில் உட்கார்ந்து சமையலறையிலிருந்து வருகிறது என்று அவர் கேட்டது எல்லாம் யாருடைய குரல்? அவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது.

"கடைசி வருஷங்கள்ல அவ அடுப்புக்கிட்ட நிக்க மாட்டா," என்றார். "காத்துத் துளைக்குக் கீழ நிப்பா. செவுத்துல கைய வெச்சுக்கிட்டு. அங்க நின்னுதான் ஏத்து, இன்னும், போதும்பா. உனக்குக் கேக்கக் கூடாதுன்னு அளந்து பாக்குறான்னு நெனச்சேன். நீ புகார் குடுத்ததுக்கு அப்புறம் அவளுக்கு அந்தப் பயம் இருந்துச்சு." அவர் நிறுத்தினார். "உனக்குக் கேக்கற வரைக்கும் ஏத்தச் சொல்லியிருக்கா. நீ ஆரம்பிச்சதும் போதும்னிருக்கா."

நான் சமையலறைக் கதவு வழியாக அந்தத் துளையைப் பார்த்தேன்.

"அவளும் பாடினாளா வியாரா? இல்ல, எல்லாமே நீயா?"

ஸ்னேஜானா கதவருகில் நின்றிருந்தாள். க்ரூம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவள் என்று பெயர் எடுத்த நான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"பாடினா அண்ணே. ரெண்டு பேரும் சேந்துதான் பாடினோம். அவ மேல, நான் கீழ."

"உனக்குக் கேட்டுச்சா?"

"தெனமும் கேட்டுச்சு. அவ குரல் கேட்டுத்தான் நான் பாட ஆரம்பிப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்போ சரி," என்றார். தட்டை மறுபடி எடுத்துத் தாளில் சுற்றினார். அடுத்த தட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை வண்டி வந்தது, அவர் போனார்.

நான் சொன்னது பொய். புகாருக்குப் பிறகு அந்தப் பதினோரு வருடத்தில் ஸ்லாவ்காவின் முணுமுணுப்பு ஒரு நாள்கூட எனக்குக் கேட்கவில்லை. "போதும்" என்ற சொல் மட்டும் வரும். அதற்குப் பிறகு மேலே சமையலறையில் ஒரு கரண்டிகூட அசையாது. அந்த நேரத்தில் அவள் என்னதான் செய்கிறாள் என்று அப்போது நான் யோசித்ததுண்டு. அவள் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை, நான் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.